நோகிபா: மழை நின்ற தோட்டத்து வாசம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாங்கும் மல்லிகை ஊதுபத்தியிலேயே வளர்ந்த மூக்கு எனக்கு. அதனால் ஷோயெய்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் நோகிபா ஊதுபத்தியைக் கொளுத்தியதும் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சந்தனமும், மழை நின்ற பிறகு பாசி படிந்த கல்லிலிருந்து வருமே, அந்த ஈர மண் வாடையும் மெதுவாக வந்தது. கியோத்தோவில் 1705இல் தொடங்கிய நிறுவனம். ஆங்கிலத்தில் இதற்குப் பாசித் தோட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தம்தான்.

நடுவில் மூங்கில் குச்சி கிடையாது, முழுக்க வாசனைப் பொடியைப் பிசைந்து இழுத்த மெல்லிய இழை, அதனால் குச்சி கருகும் நெடி துளியும் இல்லை. ஆனால் நம் வீட்டு ஊதுபத்தித் தட்டில் நிற்காது. நான் பித்தளை டம்ளரில் மணல் நிரப்பிச் செருகுகிறேன். சட்டென்று ஒடியும், இணையத்தில் வாங்கியபோது ஏழெட்டு உடைந்தே வந்தன, விற்றவர் பதிலே சொல்லவில்லை. நேரில் வாங்குங்கள்.

விலை அதிகம்தான். சாமி மேடைக்கு நான் இன்னமும் மல்லிகைதான் ஏற்றுகிறேன், இது ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்காரும் நேரத்துக்கு. கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீட்டில் புகை குறைவாக வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.