கோட்டா கல்லில் கிரவுட் படலம்: ஐந்து வருஷம் கழித்து

எங்கள் ஹாலில் கோட்டா கல் போட்டு ஐந்து வருஷம் ஆகிறது. வாசல் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் இன்னும் வெளுத்தே கிடக்கிறது. வருகிறவர்கள் கோலமாவு சிந்தியிருக்கு என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். அது ஆசிட் பட்ட இடம்.

கல் இடுக்குகளை அடைக்கிற சிமெண்ட் கலவைதான் கிரவுட். அதை அடித்த அன்று சாயங்காலம் தரை பளிச்சென்று இருந்தது. ஈரம் செய்த மாயம். மறுநாள் காய்ந்ததும், மேலே தங்கிப்போன கிரவுட் படலத்தால் பச்சைக் கல் முழுக்கத் திருநீறு பூசின மாதிரி ஆகிவிட்டது. “கொஞ்சம் ஆசிட் ஊத்துனா போயிரும் சார்” என்றார் மேஸ்திரி. ஊற்றியதும் சோடா மாதிரி நுரைத்தது. அழுக்குதான் கிளம்புகிறது என்று நானும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நுரைத்தது கல்லும் சேர்த்துத்தான். கோட்டா, கடப்பா இரண்டும் சுண்ணாம்புக் கல். சிமெண்டைக் கரைக்கிற ஆசிட் இவற்றையும் அரிக்கும். மார்பிளுக்கும் இதே கதி. எலுமிச்சை, வினிகர்கூட ஆகாது. மிச்சம் கிடந்த துண்டுக் கல்லில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பாலிஷ் போய் வட்டமாகத் தடம் விழுந்தது.

மீதி ஹாலுக்கு, கல் தரைக்கென்றே விற்கிற, அமிலமும் காரமும் இல்லாத கிளீனரை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்துகொண்டேன். இரண்டடிக்கு இரண்டடி ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, வெள்ளை நைலான் பேடால் தேய்த்தேன். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் வேண்டாம், கீறும். தேய்ப்பதைவிட முக்கியம், கிளம்புகிற சேற்றுத் தண்ணீரை உடனே துணியால் ஒற்றி எடுப்பது. முதல் நாள் அதை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அதே படலம் காய்ந்து உட்கார்ந்திருந்தது. மூன்று நாள், முதுகுவலி, ஆனால் பாலிஷ் போகவில்லை.

திண்ணையில் போட்டது சொரசொரப்பான கல். அங்கே பேட் எடுபடவில்லை. பிளாஸ்டிக் பிரஷ் வைத்துத் தேய்த்தும் குழிகளில் இருப்பது இன்றுவரை இருக்கிறது.

அடுத்த வருஷ மழைக்குப் பிறகு ஓரங்களில் மறுபடி வெள்ளை. படலம் திரும்பிவிட்டதென்று பயந்தேன். உலர்ந்த பிரஷால் தட்டினால் தூளாக உதிர்ந்தது. அடியிலிருந்து ஈரத்தோடு ஏறி வந்த உப்பு அது. கிரவுட் படலம் அப்படி உதிராது.

பால்கனிக்குக் கல் போட்டபோது, கல் ஈரத்தை உறிஞ்சாமல் தடுக்கிற சீலரை முதலில் அடித்து, காயவிட்டு, அப்புறம்தான் கிரவுட். ஈர ஸ்பாஞ்சிலேயே துடைத்து முடிந்தது. தண்ணீர் சொட்டு விட்டால் முத்தாக நிற்காமல் கல் கறுத்தால் சீலரை மறுபடி அடிக்கிறேன். இதுவரை ஒரு தடவை.

வாசல் இடத்துக்கு பாலிஷ்காரரைக் கூப்பிட்டேன். அந்த இடத்தை மட்டும் மெஷின் போட்டால் தனியாகத் தெரியும், ஹால் முழுக்க இழுத்தால்தான் சரிவரும் என்றார். இப்போதைக்கு அதன் மேல் கால்மிதி கிடக்கிறது.