ஒரே செட்டாப் பாக்ஸ், இரண்டு அறை: எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் எப்படி?

ஹாலில் இருக்கும் டிஷ் பாக்ஸைப் படுக்கையறை டிவியிலும் பார்க்க எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் ஒன்று வாங்கினேன். படத்தை கேட்-6 கேபிள் (இன்டர்நெட்டுக்குப் போடும் லேன் வயர்) வழியாக அடுத்த அறைக்குக் கொண்டுபோகும் சின்ன ஜோடிப் பெட்டி, அவ்வளவுதான். மூன்று மாதமாக ஓடுகிறது, படம் தெளிவு. வாங்கும்போது லூப் அவுட் (அதே படத்தை ஹால் டிவிக்கும் கொடுக்கும் கூடுதல் அவுட்புட்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஹால் டிவிக்குத் தனியாக ஒரு ஸ்பிளிட்டர் தேவைப்படும்.

எனக்கு நிஜமாகப் பிடித்தது ரிமோட் விஷயம். கூடவே வரும் சென்சார் வயரைப் படுக்கையறை டிவிக்குக் கீழே ஒட்டி, குட்டி பல்பு மாதிரி இருக்கும் இன்னொரு வயரின் முனையைப் பாக்ஸின் முகத்துக்கு நேராக வைத்தால் படுத்தபடியே சேனல் மாற்றலாம். முதல் வாரம் அசையவேயில்லை. இரண்டு வயரையும் இடம் மாற்றிச் செருகியிருந்தது நான்தான், பெட்டி மேல் தப்பில்லை.

ஆனால் இரண்டு டிவியிலும் ஒரே சேனல்தான் வரும். மேட்ச் நடக்கும்போது உள்ளே இருந்து யாராவது சீரியலுக்கு மாற்றினால் சண்டைதான். தனித்தனியாகப் பார்க்க இரண்டாவது பாக்ஸ், இரண்டு அவுட்புட் உள்ள எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் பகுதி), டிஷ்ஷிலிருந்து தனி கேபிள் எல்லாம் வேண்டும். சாதாரண ஸ்பிளிட்டர் போட்டு ஒரே கேபிளில் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். செங்குத்து அலை வேண்டுமென்றால் 13 வோல்ட், கிடைமட்டம் என்றால் 18 வோல்ட் அனுப்பித்தான் பாக்ஸ் எல்என்பியிடம் கேட்கிறது, இரண்டு பாக்ஸும் ஒரே நேரத்தில் வேறு வேறு கேட்டால் ஒன்றில் சேனல் காணாமல் போகும்.

அப்புறம், எக்ஸ்டெண்டர் பெட்டி கொஞ்சம் சூடாகிறது. மேலே துணி எதுவும் போட்டு மூடாதீர்கள்.