பெரியப்பாவின் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22: ஆறு மாத அனுபவம்

பெரியப்பாவுக்கு வயது 76. அவருடைய லேப்டாப் 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 8.1-உடன் வந்து, பிறகு 10-க்கு மாறியது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு குடும்ப வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறார், முந்நூறு பக்கம் தாண்டிவிட்டது. லேப்டாப்பில் அவருக்கு வேண்டியவை அந்த எழுத்து வேலை, மின்னஞ்சல், பேரப்பிள்ளைகளின் படங்கள், செய்தி வாசிப்பு. அவ்வளவுதான். இப்போது அதில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம்.

நான் கணினித் துறையில் இல்லை. ஆனால் வீட்டில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன வருடக் கடைசியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, லேப்டாப்பைத் திறந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத்தான் இதெல்லாம் புரிய மாட்டேங்குது போலம்மா." நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

பார்த்தால், அவருக்குப் புரியாமல் போனது ஒன்றுமில்லை. ஆளாளுக்குக் கொடுத்த யோசனைகள் எல்லாம் அந்த லேப்டாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு நண்பர் சொல்லி இரண்டு ஆன்டிவைரஸ். இரண்டும் ஒரே கோப்பை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தன. இன்னொருவர் சொல்லி ஒரு கிளீனர். தினமும் சிவப்பு எழுத்தில் நூற்றுக்கணக்கான "பிழைகள்" இருப்பதாகப் பயமுறுத்தியது. விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் அத்தகைய நிரல்களை மைக்ரோசாப்டே ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-இல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. அவர் செய்யும் வேலைகளுக்கு அதுவே போதும். பழுது பார்க்கிறவர் ஒருவர், 2025 அக்டோபர் 14-க்கு மேல் இந்த லேப்டாப் ஆன் ஆகாது, புதிது வாங்குவதுதான் வழி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரியப்பா அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

அது உண்மையில்லை. அந்தத் தேதியோடு நின்றது விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள்தான். கம்ப்யூட்டர் நிற்காது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11-க்கு இந்த லேப்டாப் தகுதி பெறாது என்பது மட்டும் சரி. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம் என்று ஒரு உறவுக்காரப் பையன் சொன்னான். ஆதரவில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. என்னால் அடிக்கடி போய்ப் பார்க்க முடியாத ஒரு வீட்டில் அப்படி ஒன்றை வைத்துவிட்டு வர எனக்கு மனமில்லை.

மந்தத்துக்குக் காரணம் டாஸ்க் மேனேஜரில் பளிச்சென்று தெரிந்தது: ஒன்றுமே செய்யாதபோதும் டிஸ்க்கின் பயன்பாடு 100 சதவீதம். நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், அதன்மேல் இரண்டு ஆன்டிவைரஸ். அதைக் கழற்றி, சுழலும் பாகமில்லாத வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். ரேமை 8 ஜிபி ஆக்கினேன். வேகத்தில் பெரும்பகுதி இந்த எஸ்எஸ்டியால் வந்தது, மின்ட்டால் அல்ல. விண்டோஸையே வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் மாற்றியிருந்தாலும் அவர் நிம்மதியாக இருந்திருப்பார், 2026 அக்டோபர் வரைக்கும். மறுபடி ஒரு தேதியை அவர் வட்டம் போட வேண்டாம் என்றுதான் மின்ட்டுக்கு மாறினேன். மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவில்லை. அப்படியே உறையில் போட்டு மேசை டிராயரில் வைத்தேன். "பிடிக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துல பழையபடி மாத்திடலாம் பெரியப்பா" என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. முதியவர்களின் கணினியில் கை வைக்கிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: திரும்பிப் போக வழி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மின்ட்டை யுஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், எதையும் நிறுவ வேண்டாம். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று அவரை உட்கார வைத்தே பார்த்தோம். மூன்று பதிப்புகளில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். அவர் கண் தேடும் இடத்தில் எல்லாம் இருந்தது.

ஆனால் நிறுவிவிட்டு அப்படியே கொடுத்தால் போதாது. அன்று மாலை முழுவதும் நான் செலவிட்டது அமைப்புகளில்தான். எழுத்துருப் பகுதியில், திரையில் எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் டிபிஐயை 96-லிருந்து 120 ஆக்கினேன். சுட்டியின் அம்பைப் பெரிதாக்கினேன். அவர் விரல் லேசாக நடுங்கும், டபுள் கிளிக் பாதி நேரம் பலிக்காது. கோப்பு மேலாளரில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றினேன். விசையை விடுவதற்குள் ஒரே எழுத்து நாலைந்து முறை விழுந்துவிடும் என்பது அவருடைய நெடுநாள் குறை. விசைப்பலகை அமைப்பில், எழுத்து மறுபடி விழத் தொடங்குவதற்கு முந்தைய தாமத நேரத்தைக் கூட்டினேன். விண்டோஸிலும் இந்த வசதிகள் உண்டு. இத்தனை வருடமாக அவருக்கு யாரும் செய்து கொடுக்கவில்லை, நான் உட்பட. புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னவர்களில் ஒருவர்கூட அவர் விரலைப் பார்க்கவில்லை.

குடும்ப வரலாற்றுக் கோப்பு எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முந்தைய வழக்கப்படி எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டியது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்ததும் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பெரியப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய டிஸ்க்கிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து நிறுவிவிட்டு மறுபடி திறந்தேன், தமிழ் வந்துவிட்டது. சில பக்கங்களில் படங்கள் இடம் மாறியிருந்தன. அவற்றைச் சரிசெய்ய ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். தட்டச்சு முறை மாறவில்லை, அவர் பழக்கப்படியே எழுதுகிறார். பின்னாளில் மற்றவர்கள் படிக்க வேண்டுமே என்று, முடித்த அத்தியாயங்களின் ஒரு படியை நான் யூனிகோடுக்கு மாற்றி வைக்கிறேன்.

குறைகளும் உண்டு. மைக்ரோசாப்ட் ஆபீஸ் இதில் நேரடியாக ஓடாது. மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது சரிப்படாது. விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களும் யோசித்துத்தான் மாற வேண்டும். எங்கள் பழைய பிரின்டர் உடனே அச்சிட்டது, அதன் ஸ்கேனர் மட்டும் இன்னும் வசப்படவில்லை. அதற்குத் தீர்வு தேடினால், லினக்ஸ் பழகியவர்கள், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் என்ற சாளரத்தில் ஒட்டச் சொல்லி நாலு வரிக் கட்டளை கொடுக்கிறார்கள். பல யோசனைகள் பத்து வருடப் பழசு. தவறான யோசனை விண்டோஸ் பக்கம் மட்டும் இருப்பதில்லை. புரியாத கட்டளையை எங்கேயும் ஒட்டக் கூடாது என்று பெரியப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. வாரம் ஒரு முறை அமைப்பின் நகலை எடுத்து வைக்கும்படி அதை வைத்திருக்கிறேன். ஒரு அப்டேட் ஏதாவது கெடுத்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். இது இயங்குதளத்துக்கான காப்பு. அவருடைய எழுத்துக்கும் படங்களுக்கும் தனியாக வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கிறோம். இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

மின்ட் எதைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை முழுக்க ஒரு அறிவிப்பு, கூடவே சைரன். அது வெறும் வலைப்பக்கம். எந்த இயங்குதளத்திலும் வரும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்ததில் இப்போது அரிதாகிவிட்டது. ஆனாலும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன்: மைக்ரோசாப்டின் பிழைச் செய்தியில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. எண் தெரிந்தால் பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடிக்கவும். பிறகு எனக்கு போன் செய்யவும், எந்த நேரமானாலும்.

தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் மென்பொருள் போடலாமா என்று யோசித்தேன். ஏமாற்றுக்காரர்கள் கேட்பதும் அதையேதான் என்பதால் விட்டுவிட்டேன். போனில் பேசியே பார்த்துக்கொள்கிறோம். சற்று நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

ஆறு மாதத்தில் அப்படி ஐந்து அழைப்புகள் வந்தன. மூன்று ஸ்கேனர் பற்றி. ஒன்று, தவறுதலாகக் கீழ்ப்பட்டையை நகர்த்திவிட்டார். கடைசியாகப் போன வாரம் அழைத்தபோது, பட்டை மறுபடி நகர்ந்ததாகவும் தானே சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார். எந்த மெனுவில் எதை அழுத்தினார் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் எனக்கு விளக்கிவிட்டுத்தான் போனை வைத்தார்.