ஃபார்வர்டா, கோல் கீப்பரா?

காரைக்குடிப் பக்கம் ஹாக்கி பழகும் பிள்ளைகளுக்கு முன்வரிசையில் நின்று கோல் போடும் ஃபார்வர்டு ஆடத்தான் ஆசை. மட்டை, ஷூ, ஷின் கார்டு இருந்தால் இறங்கிவிடலாம், கோல் போட்டால் பெயரும் வரும், சரி. கீப்பருக்கு ஹெல்மெட், பேடு, ஷூ மேல் மாட்டும் கிக்கர், மார்புக் கவசம் என்று செலவு எகிறும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு நின்றால் உள்ளே சட்டையைப் பிழிந்து எடுக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், ஃபார்வர்டுகளை ஆட்டம் முழுக்க மாற்றி மாற்றி இறக்குவார்கள், கீப்பருக்கு இருப்பதோ ஒரே இடம். பாரிஸ் ஒலிம்பிக் போன இந்திய அணியின் 16 பேரில் ஸ்ரீஜேஷ் மட்டும்தான் கீப்பர்.

ஆனால் இடம் பிடித்துவிட்டால் நீண்ட காலம் ஆடலாம். 2006இல் சீனியர் அணிக்கு வந்த ஸ்ரீஜேஷ், 2024இல் 36 வயதில், இரண்டாவது ஒலிம்பிக் வெண்கலத்தோடுதான் ஓய்வு பெற்றார். பந்துக்குப் பயப்படாத, காத்திருக்கத் தெரிந்த பிள்ளை என்றால் நான் கீப்பரைத்தான் சொல்வேன்.