ஒழுங்கற்ற திண்மங்களின் உருத்திரிபு: எந்தக் கணக்கீட்டு முறை எதற்கு?

கோவையின் பவுண்டரிகளில் பம்ப் உறை வார்ப்பதற்காக இடித்து இறுக்கும் அச்சு மணலுக்கும், உருகிய கலவையை மிக வேகமாகக் குளிர்வித்துப் பெறும் உலோகக் கண்ணாடிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிலும் துகள்கள் படிகத்தைப்போல வரிசையில் நிற்பதில்லை. ஆகவே, விசை கொடுத்தால் எந்த இடம் முதலில் நெகிழும் என்பதைக் கணினியில் நெளித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. திட்டப்பணிக்கு இத்துறையைத் தேர்ந்தெடுக்கும் கொங்குப் பகுதி மாணவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது கணக்கீட்டு முறையைத்தான்.

மூலக்கூறு இயக்கவியல் முறை ஒவ்வோர் அணுவுக்கும் நியூட்டனின் இயக்கச் சமன்பாடுகளை ஏறத்தாழ 1 ஃபெம்டோ நொடிக்கு (நானோ நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒருமுறை தீர்த்துக்கொண்டே போகிறது. வெப்பநிலை இதில் இயல்பாகவே இடம்பெறுகிறது; குறை, வேகத்தில் இருக்கிறது. திரிபு என்பது அசல் அளவோடு ஒப்பிட்ட உருமாற்றம். நொடிக்கு 10 கோடி என்ற திரிபு வீதத்தில் 10 சதவீதத் திரிபை எட்ட 1 நானோ நொடி, அதாவது 10 லட்சம் படிகள் ஆகும். அதே திரிபை நொடிக்கு 0.0001 என்ற வீதத்தில் இழுக்கும் சோதனை இயந்திரம் 1000 நொடி எடுத்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய இடைவெளியைக் கவனிக்காமல் கணினியும் இயந்திரமும் தரும் தகைவு-திரிபு வரைகோடுகளை (தகைவு என்பது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) ஒரே படத்தில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல.

வெப்பமற்ற குவாசி-ஸ்டாட்டிக் (மிக மெதுவான, ஏறக்குறைய நிலையான) முறை வேகம் என்ற கேள்வியையே எடுத்துவிடுகிறது. அணுக்கள் அடங்கிய கணினிப் பெட்டியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சறுக்கி, அணுக்களின் ஆற்றல் அருகிலுள்ள சிறுமத்தை (மிகக் குறைந்த மதிப்பை) அடையும்வரை காத்திருந்து, மீண்டும் சறுக்க வேண்டும்; 1000 படிகளில் 10 சதவீதம் வந்துவிடும். தகைவு நேர்கோட்டில் ஏறி, திடீரென ஒரு படி இறங்கும். அந்த இறக்கத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இருப்பிடங்களைக் கழித்து, சீரான சறுக்கலையும் நீக்கினால், சில பத்து அணுக்கள் மட்டும் ஒன்றாக இடம் மாறியிருப்பது தெரியும். ஆர்கன் 1979இல் முன்வைத்த கருத்தும், ஃபால்க்கும் லாங்கரும் 1998இல் அளவிடும் வழி தந்ததும் இத்தகைய மறுசீரமைப்பைப் பற்றியே. வெப்பநிலையைப் பற்றி இம்முறை எதுவும் சொல்லாது என்றாலும், நெகிழ்வின் அடிப்படை நிகழ்வை இவ்வளவு தெளிவாகத் தனித்துக் காட்டுவதால், ஒரே கணினியுடன் தொடங்கும் மாணவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

எம்முறையானாலும் மாதிரியைத் தயாரிக்கும் விதம் முடிவை மாற்றிவிடும். ஒசாவாவும் சக ஆய்வாளர்களும் 2018இல் காட்டியபடி, ஒரே மாதிரிக் கண்ணாடி அவசரமாகக் குளிர்வித்தால் மெல்ல நெகிழ்கிறது. நன்கு பதப்பட்டிருந்தால் ஒரே பெரிய தகைவு வீழ்ச்சியுடன் முறிகிறது. குளிர்வித்த வேகத்தைக் குறிப்பிடாத முடிவை நம்ப முடியாது.

பவுண்டரி மணலுக்கு இவ்விரண்டுமே பொருந்தா. மணிகளுக்கிடையே உராய்வு இருப்பதால் சிறுமம் தேடுவதற்கான ஆற்றல் சார்பே அங்கே இல்லை. ஒவ்வொரு மணியின் இயக்கத்தையும் தனியே கணக்கிடும், கண்டலும் ஸ்ட்ராக்கும் 1979இல் விவரித்த தனித்த உறுப்பு முறைதான் அதற்கு ஏற்றது. பெண்டோனைட் களிமண்ணும் ஈரமும் தரும் ஒட்டுவிசையை அதில் தனியே சேர்க்க வேண்டும். அந்த மதிப்பை நூலில் தேடுவதைவிட, பவுண்டரியின் மணல் சோதனைக் கூடத்தில் அளக்கும் பச்சை அழுத்த வலிமையோடு (உலர்த்தாத, ஈரமான மணல் அழுத்தத்தைத் தாங்கும் அளவு) ஒப்பிட்டுச் சரிசெய்வது நம்பகமானது.