ஸ்காட்லாந்தில் குடியேறிய ஐரிஷ் மூதாதையர்: சொந்த ஊரை எந்த ஆவணம் சொல்லும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: கப்பல் பயணிகள் பட்டியலைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1801 முதல் 1922 வரை அயர்லாந்து முழுவதும் ஐக்கிய ராஜ்யத்துக்குள் இருந்தது. டெர்ரியிலோ பெல்ஃபாஸ்டிலோ நீராவிக் கப்பல் ஏறி கிளாஸ்கோவின் புரூமிலா துறையில் இறங்குவது வெறும் உள்நாட்டுப் பயணம். பெயர் கேட்டு எழுதிக்கொள்ள யாரும் இல்லை. 1851இல் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த 2,07,367 பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். அவர்கள் கடல் கடந்ததற்குப் பெயர் பெயராகச் சாட்சி கிடையாது.

ஐரிஷ் ஆவணங்களோ பெரும்பாலும் இடவாரியாக அடுக்கப்பட்டவை. ‘டோனிகல் கவுண்டி, பேட்ரிக் கேலகர்’ என்று மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் அதே பெயரில் ஒரு கூட்டமே வந்து நிற்கும். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி, அது போதாது. குறைந்தபட்சம் அதைவிடச் சிறிய உட்பிரிவான பாரிஷ் தெரிய வேண்டும். டவுன்லேண்ட் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டவுன்லேண்ட் என்பது அங்குள்ள நிலப்பிரிவுகளில் மிகச் சிறியது. நாடு முழுக்க 60,000க்கும் மேல் உண்டு. அந்தப் பெயர் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக் காகிதங்களில்தான் கிடைக்கும். ஆகவே கடல் தாண்டி அயர்லாந்து பக்கம் போகும் முன், ஸ்காட்லாந்தில் எந்தக் காகிதத்தை முதலில் புரட்டுவது என்பதுதான் கேள்வி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒன்று இருக்கிறது. தேடுவது சுலபம், அதனால்தான் எல்லோரும் இதில் தொடங்குகிறார்கள். ஊரைக் கண்டுபிடிக்க இதை நம்பினால் ஏமாற்றம்தான். ஸ்காட்லாந்துக்கு வெளியே பிறந்தவருக்கு நாட்டின் பெயரை எழுதினால் போதும் என்பது கணக்கெடுப்பாளருக்கு இருந்த உத்தரவு. ஆகவே பக்கம் பக்கமாக ‘அயர்லாந்து’ என்றே இருக்கும். 1841இல் அதுகூட இல்லை, ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்து மட்டும். அந்த ஆண்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். 29 வயதுக்காரர் 25 ஆகிவிடுவார். எப்போதாவது ஒரு கணக்கெடுப்பாளர் ஆர்வக்கோளாறில் கவுண்டியையும் ஊரையும் சேர்த்து எழுதியிருப்பார். அதிர்ஷ்டம் இருந்தால் உங்கள் தெரு அவரிடம் மாட்டியிருக்கும்.

இதன் உண்மையான பயன் வேறு. குழந்தைகளின் பிறந்த இடங்களை வரிசையாகப் பாருங்கள். மூத்தவன் அயர்லாந்து, அடுத்தவள் ஸ்காட்லாந்தின் கோட்பிரிட்ஜ் என்றிருந்தால், இரண்டு வயதுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் குடும்பம் கடல் தாண்டியிருக்கிறது. அடுத்து எந்தச் சான்றிதழை வாங்குவது என்பதையும் இதுவே சொல்லிவிடும்.

அரசுப் பதிவுச் சான்றிதழ்கள்

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1855 ஜனவரி 1இல் தொடங்கியது. இங்கிலாந்துச் சான்றிதழ்களில் பழகியவர்கள் இதைப் பார்த்தால் அசந்துபோவார்கள். இறப்புச் சான்றிதழில் தந்தை பெயரும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் உட்படத் தாய் பெயரும் இருக்கும். திருமணச் சான்றிதழில் இரு தரப்புப் பெற்றோரும் இருப்பார்கள்.

1855 ஒரு தனி ரகம். அந்த ஓராண்டு மட்டும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் வயது, பிறந்த இடம், அவர்கள் எப்போது எங்கே திருமணம் செய்தார்கள், முன்பே பிறந்த பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் கேட்டார்கள். இறப்புச் சான்றிதழில் இறந்தவர் பிறந்த இடமும், அந்த வட்டாரத்தில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதும், பிள்ளைகளின் பெயர்களும் உண்டு. பதிவாளர்களால் தாங்க முடியவில்லை, 1856இலேயே இவற்றைக் கைவிட்டார்கள். எனவே நேர்வழி மூதாதையருக்கு 1855இல் எதுவும் நடக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அவருடைய அண்ணன், தங்கை, சித்தப்பா யாருக்காவது அந்த ஆண்டில் குழந்தை பிறந்திருந்தாலோ மரணம் நேர்ந்திருந்தாலோ அந்தச் சான்றிதழை வாங்குங்கள்.

1861 முதல் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் திருமணத் தேதியும் இடமும் மீண்டும் வந்தன. நம் பார்வையில் மிகக் குறைந்த செலவில் அதிகம் தரும் காகிதம் இதுதான். பிள்ளைகள் ஆறு பேர் என்றால் ஆறு சான்றிதழையும் பாருங்கள். ஒன்றில் ‘அயர்லாந்து’ என்று மொட்டையாக இருக்கும், இன்னொன்றில் கவுண்டி இருக்கும், மூன்றாவதில் பாரிஷே இருக்கும். சொன்னவர் அன்று என்ன சொன்னார், பதிவாளர் எவ்வளவு பொறுமையாகக் கேட்டார் என்பதைப் பொறுத்தது அது. 1856 முதல் 1860 வரை பிறந்த பிள்ளைகளின் சான்றிதழில் இந்தத் தகவல் இல்லை. அவற்றுக்குக் காசு செலவழிப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இறப்புச் சான்றிதழில் வரும் பெற்றோர் பெயர்களை அப்படியே நம்பக் கூடாது. தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்றால், அயர்லாந்தில் ஐம்பது ஆண்டுக்கு முன் செத்துப்போன மாமியாரின் தாய் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? பக்க ஓரத்தில் திருத்தப் பதிவேட்டைப் பற்றிய குறிப்பு இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். சுரங்கத்திலோ இரும்பாலையிலோ விபத்தில் இறந்தவர் என்றால் அரசு வழக்குரைஞரின் விசாரணை முடிவு அங்கே இருக்கும்.

ஏழை நிவாரண விண்ணப்பங்கள்

கிடைத்தால் இதற்கு ஈடு வேறில்லை. 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பாரிஷில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வாழ்ந்தவருக்கே அங்கே நிவாரண உரிமை. 1898இல் இது மூன்று ஆண்டாகக் குறைந்தது. உரிமை இல்லாத ஐரிஷ்காரரை அயர்லாந்துக்கே திருப்பி அனுப்ப முடியும். செலவு யார் தலையில் விழும் என்பதுதான் பாரிஷ்களின் கவலை. அதனால் பாரிஷின் நிவாரண இன்ஸ்பெக்டர் வீடு தேடி வந்து துருவித் துருவிக் கேட்டார்: பிறந்த ஊர், மதம், முன்பு குடியிருந்த முகவரிகள், திருமணம் நடந்த இடம், பெற்றோர் பெயர், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள். பாரிஷின் கஞ்சத்தனம் இன்று நமக்கு வரம்.

கிளாஸ்கோவின் விண்ணப்பங்கள் மிட்செல் நூலகத்தில் இயங்கும் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கிளாஸ்கோ பாரிஷுக்கு 1851 முதலும், பரோனி பாரிஷுக்கு 1861 முதலும், கோவன் பாரிஷுக்கு 1876 முதலும் இருக்கின்றன. ஸ்காட்லாந்துச் சட்டம் உடல் வலுவுள்ள ஆணுக்கு நிவாரண உரிமை தரவில்லை. ஆகவே குடும்பத் தலைவரின் பெயரில் மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பக் கூடாது. விதவை, கைவிடப்பட்ட மனைவி, நோயாளி, முதியவர் ஆகியோரின் பெயர்களில் தேடுங்கள். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் கணவர் பெயரிலும் தேடுங்கள். மறுக்கப்பட்ட விண்ணப்பத்திலும் விவரம் அப்படியே இருக்கும்.

இதன் குறை வெளிப்படையானது: கையேந்தாத குடும்பம் இதில் இருக்காது. ஆனால் 1850களில் கிளாஸ்கோவுக்கு வந்த ஐரிஷ் குடும்பத்தில், அண்ணன் தம்பி வழிகளையும் சேர்த்தால், ஒருவர்கூட நிவாரணம் கேட்டதில்லை என்பது அபூர்வம்.

கத்தோலிக்கப் பதிவேடுகள்

1855க்கு முன் வந்தவர்களுக்கு இதுதான் கதி. திருமணப் பதிவில் மணமக்களின் ஐரிஷ் கவுண்டியையும் பங்கையும் எழுதும் பங்குத்தந்தை சில இடங்களில் இருந்தார். பல இடங்களில் இல்லை. பெயர்கள் லத்தீனில் இருக்கலாம்: ஜேம்ஸ் ‘யாக்கோபுஸ்’ ஆகவும், ஓவன் ‘எவ்ஜேனியுஸ்’ ஆகவும் வருவார்கள். ஞானஸ்நானத்தில் ஞானத்தாய் தந்தையரின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் அதே ஊர்க்காரர்கள் அல்லது உடன்பிறந்தவர்கள். வந்தவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர்களும் அல்ல. ஆன்ட்ரிம், டவுன் ஆகிய கவுண்டிகளின் புராட்டஸ்டன்ட்களும் ஏராளம். அவர்களை ஸ்காட்லாந்துத் திருச்சபை, எபிஸ்கோபல் சபை ஏடுகளில் தேட வேண்டும்.

எந்தத் தளத்தில் பார்ப்பது?

சான்றிதழ்களின் படத்துக்கு ஸ்காட்லாந்து அரசின் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ தளமே வழி. அட்டவணைத் தேடல் இலவசம், படத்துக்குக் கிரெடிட் வாங்க வேண்டும். ஒரே நாளில் நிறையப் பார்க்க வேண்டியிருந்தால் எடின்பரோவில் உள்ள அதன் மையத்தில் நாள் கட்டணம் கட்டி உட்காருவதே லாபம். ‘ஆன்செஸ்ட்ரி’ என்ற வம்சாவளித் தளத்தில் ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பின் எழுத்துப்பெயர்ப்பு மட்டும் உண்டு, மூலப்படம் இல்லை. ஆனாலும் பிறந்த இடத்தில் ‘டோனிகல்’ என்று போட்டு வடிகட்ட அதுதான் வசதி. அங்கே கண்டுபிடித்து இங்கே படம் வாங்குவது நல்ல கூட்டு.

தேடும்போது பெயரை ஒரே எழுத்தமைப்பில் பூட்டாதீர்கள். அயர்லாந்தின் டோஹர்ட்டி ஸ்காட்லாந்தில் டாக்கர்ட்டி ஆனார். முன்னொட்டு ‘ஓ’ காணாமல் போகும், திரும்பவும் வரும். பேட்ரிக் என்பவர் பீட்டர் என்று பதிவாகியிருப்பது சகஜம்.

கடல் தாண்டிய பிறகு

ஊர்ப் பெயர் கிடைத்ததும் அயர்லாந்தின் இடப்பெயர்த் தரவுத்தளமான லோகெய்ன்ம் தளத்தில் சரிபாருங்கள். ஸ்காட்லாந்துப் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். கத்தோலிக்கருக்கு ஐரிஷ் தேசிய நூலகத் தளத்தில் ஏறக்குறைய 1880 வரையிலான பங்குப் பதிவேடுகள் படமாக, இலவசமாக உள்ளன. பெயர் அட்டவணை கிடையாது. ‘ரூட்ஸ்அயர்லாந்து’ தளத்தில் அட்டவணை உண்டு, சந்தா கட்ட வேண்டும். பங்கு தெரிந்தவருக்கு நூலகமே போதும். கவுண்டி மட்டும் தெரிந்தவர் ஒரு மாதச் சந்தா கட்டிவிட்டு மளமளவென்று தேடி முடித்துவிடலாம். டோனிகலின் பல பங்குகளில் ஏடே 1850களுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1840களின் பெரும் பஞ்சத்துக்கு முன் பிறந்தவரை அங்கே தேடிப் பயனில்லை.

அயர்லாந்தின் நிலங்களை வரிக்காக மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீடு (1847–1864) இலவசம், ஆனால் நிலம் வைத்திருந்தவர் பெயர் மட்டுமே வரும். மனைவி, மக்கள் யாரும் இல்லை. டோனிகலில் அது நடந்தது 1850களின் பிற்பகுதியில். 1847இல் கிளாஸ்கோ வந்தவரை அதில் தேடாதீர்கள், ஊரில் தங்கிவிட்ட அவர் அண்ணனைத் தேடுங்கள்.

அயர்லாந்தின் அரசுப் பதிவு 1864இல்தான் முழுமையாகத் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்கள் மட்டும் 1845 ஏப்ரல் முதல் உண்டு. அந்தத் திருமணப் பதிவில் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும், தாய் பெயர் இருக்காது. தாய் பெயர் வேண்டுமென்றால் அதே ஆள் ஸ்காட்லாந்தில் இறந்தபோது எழுதிய சான்றிதழுக்குத்தான் திரும்ப வேண்டும். அயர்லாந்துத் திருச்சபையின் ஏடுகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. பிரஸ்பிட்டேரியன் ஏடுகளை அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை, அதனால் தப்பின. பலவற்றின் படிகளை பெல்ஃபாஸ்டில் உள்ள வட அயர்லாந்து ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.