நடுநாட்டு வரலாற்று மாலைகள்: பொழிவுக்கு உள்ள இடம் கூத்துக்கும் வேண்டும்

விழுப்புரம் வட்டாரத்தில் ஆர்வலர் சிலர் ஒன்றுகூடி, மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடுநாட்டின் வரலாறு குறித்து ஒரு பொழிவையும், அதன் முடிவில் ஒரு கலை நிகழ்ச்சியையும் நடத்திவருகிறார்கள். கடந்த ஓராண்டில் ஐந்து மாலைகளுக்குச் சென்றிருக்கிறேன். இவற்றில் மிக நன்றாக நடக்கும் ஒரு பகுதியும், உடனே திருத்தப்பட வேண்டிய ஒரு பகுதியும் உண்டு. இரண்டையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சோழ நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் இடையில் கிடப்பதால் நடுநாடு என்று பெயர் பெற்ற இந்தப் பகுதிக்கு வரலாற்று நூல்களில் தனி அத்தியாயம் கிடைப்பது அரிது. தேவாரத் தலங்களை வரிசைப்படுத்துவோர் இங்கே 22 தலங்களை எண்ணுவார்கள். அதற்கு அப்பால் செஞ்சிக் கோட்டையோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் ஜம்பைக் கல்வெட்டைப் பற்றிய முதல் பொழிவு என்னை வெகுவாகக் கவர்ந்தது. திருக்கோவிலூர்ப் பக்கத்தில் உள்ள ஜம்பையில், குன்றின் குகை ஒன்றில், 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு அது. ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்பது அதன் வாசகம். சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது பொருள். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாதத்துக்கு விடை தந்தது தலைநகர்க் கோயில் எதுவுமன்று. நம்மூர்க் குன்றின் இந்த ஒரே ஒரு வரிதான். பொழிவாளர் அத்துடன் நிறுத்தவில்லை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானுக்குத் திருக்கோவிலூர்ப் பக்கத்தில் என்ன வேலை என்று அவையைப் பார்த்துக் கேட்டார். அதியன் கோவலூரை அழித்ததையும் அந்த வெற்றியைப் பரணர் பாடியதையும் ஔவையார் குறிப்பிடும் புறநானூற்று 99ஆம் பாடலை எடுத்து மெல்ல வாசித்து, அந்தக் கோவலூர்தான் இன்றைய திருக்கோவிலூர் என்று சொல்லி, குகையையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பள்ளியில் மனப்பாடமாக மட்டும் நின்றுபோன பாட்டு, அன்று மாலை நாங்கள் நாள்தோறும் கடந்துபோகும் ஒரு சாலையின் மீது வந்து நின்றது.

நடுகற்களைப் பற்றிய மாலையும் அதே தரத்தில் அமைந்தது. செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டதிலிருந்து தொடங்கி, எடுத்தனூர்க் கல்லில் வந்து நின்றார்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல், எருமைக்காக நடந்த பூசலில் உயிர்விட்ட கருந்தேவகத்திக்கு எடுக்கப்பட்டது. கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதை அதே கல் எழுத்தில் பதிந்திருக்கிறது. வீரனுக்கு அருகே நாயின் உருவமும் இருக்கிறது. கல்லின் படத்தைத் திரையில் காட்டி, எழுத்து எழுத்தாக எங்களையே படிக்கச் செய்தார்கள். என் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி ‘நாய்’ என்ற சொல்லைத் தானே கண்டுபிடித்து உரக்கப் படித்தபோது, அவை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கேள்வி நேரத்தில் ஒரு மூதாட்டி எழுந்து, தம் பிறந்த ஊர் ஏரிக்கரையில் வேடியப்பன் என்று படையல் வைக்கும் கல்லிலும் இப்படியே வில்லோடு ஓர் ஆள் நிற்கிறான் என்றார். அந்தப் பக்கத்து ஊர்களில் பல நடுகற்கள் அப்பெயரிலேயே இன்றும் வழிபடப்படுகின்றன என்று பொழிவாளர் விளக்கி, ஊரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். வந்திருப்பவர்களும் சான்று தரக்கூடியவர்கள் என்று மதிக்கும் அவைகள் அதிகம் இல்லை.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்கு ஒரு நாள் காலையில் அழைத்துச் சென்றது நல்ல ஏற்பாடு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்னும் நினைவுக் கல்வெட்டையும், பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட 24 தீர்த்தங்கரர்களையும் நேரில் கண்டோம். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டியிருந்ததால் விளக்கம் சுருங்கிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டிருக்கலாம்.

குறை முழுவதும் கூத்தைச் சார்ந்தது. மகாபாரதத்தைப் பற்றிய மாலையில் பொழிவுக்குப் பின் கர்ண மோட்சம் வைத்திருந்தார்கள். கலைஞர்கள் பிற்பகல் மூன்று மணிக்கே வந்து, பின்கட்டில் அமர்ந்து, ஒருவருக்கொருவர் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டி ஆயத்தமாகிவிட்டார்கள். மேடையிலோ பொழிவு முடிந்த பின் வாழ்த்துரைகளும் பொன்னாடைகளும் முக்கால் மணி நேரத்தை எடுத்துக்கொண்டன. இரவு ஏழே முக்காலுக்குத்தான் கூத்து தொடங்கியது. எட்டரைக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விடிய விடிய நடக்க வேண்டிய ஒன்று முக்கால் மணி நேரத்தில் முடிந்தாக வேண்டியிருந்தது.

இதனால் எது போயிற்று என்பதைக் கூத்துப் பார்த்துப் பழகியவர்கள் அறிவார்கள். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேடதாரி விருத்தம் பாட, முகவீணை என்னும் ஊதுகருவி அந்தக் குரலைத் தொடர, திரை விலகும் முன்பே பார்ப்பவர் மனத்தில் கர்ணன் உருவாகிவிட வேண்டும். அன்று ஒரே விருத்தத்தோடு திரையை எடுத்துவிட்டார்கள். கட்டியங்காரனுக்குப் பேச இடமே இல்லை. குலம் தெரியாதவன் என்று தன்னை இகழ்ந்த மனைவி பொன்னுருவியிடம் களம்புகும் முன் கர்ணன் விடைபெறும் இடந்தான் அந்தக் கூத்தின் உயிர். அதிலும் வாதம் பாதியில் நிற்க, ஆர்மோனியக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அடுத்த பாட்டுக்குத் தாவினார். அவ்வளவு நெருக்கடியிலும் கர்ணன் வேடம் கட்டியவர் தளராமல் பாடி அவையை அழவைத்தார். அந்தக் குரலுக்கு முழு இரவு கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கத்தோடுதான் வீடு திரும்பினேன்.

பொழிவைக் கல்வியாகவும் கூத்தை அதன் பின் வரும் பொழுதுபோக்காகவும் கொள்ளும் எண்ணமே இந்த நேரப் பங்கீட்டுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இந்த மண்ணின் மரபு அப்படிப் பிரித்ததில்லை. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதப் பாடல்களைப் பாடிப் பொருள் சொல்வார். அவர் பகலில் சொன்ன கதை இரவில் கூத்துக்களரியில் ஆடப்படும். பதினெட்டாம் போர் நாளில் அதுவே படுகளம் என்னும் சடங்காக, மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் மீது, ஊரின் நடுவே நிகழும். கேட்டதையே பார்க்கிறோம், பார்த்ததற்குள்ளேயே நடந்து போகிறோம். வில்லிபுத்தூராரே திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பது வழங்கிவரும் செய்தி. அந்த நாடு இந்த நடுநாட்டைச் சேர்ந்தது. பொழிவையும் நிகழ்கலையையும் ஒரே மாலையில் சேர்க்க முனைபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

மண்டபம் காற்றோட்டமாக இருக்கிறது. கடைசி வரிசைக்கு ஒலி சரியாக எட்டவில்லை. கட்டணம் கிடையாது, வாயிலில் ஓர் உண்டியல் இருக்கிறது. கல்வெட்டு வாசகங்களை அச்சிட்ட தாள் ஒவ்வொரு முறையும் தருகிறார்கள். அதை எல்லோரும் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். குழந்தைகளைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். முதல் வரிசைகள் அவர்களுக்கென்றே விடப்பட்டிருக்கின்றன.

என் குறையைப் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். ஏற்பாட்டாளர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வேறு சிலரும் இதையே எழுதியிருப்பதாகச் சொன்னார். அடுத்த பாரத மாலையை மண்டபத்தில் வைக்காமல் ஓர் அம்மன் கோயில் திடலில் வைக்கவும், மாலையில் பிரசங்கமும் இரவு பத்து மணி முதல் கூத்துமாக நடத்தவும் பேசிவருகிறார்களாம். வாழ்த்துரைகள் அன்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வருகிறவர்கள் பாயும் போர்வையும் எடுத்துவருவது நல்லது. நான் விடியும் வரை இருக்கப்போகிறேன்.